ஒரே ஃபார்முலா, இரண்டு பாட்டில்: என்எம்ஆர் படிக்கப் பழகுவோம்

உங்கள் முன்னால் இரண்டு பாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம். மூடியைத் திறந்தால் இரண்டிலும் பழ வாசனை. ஒன்று எத்தில் அசிட்டேட், இன்னொன்று மெத்தில் புரோப்பனோயேட். லேபிள் உரிந்துபோனதால் எது எந்த பாட்டில் என்று தெரியவில்லை. ஃபார்முலா இரண்டுக்கும் ஒன்றே: நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன். மூலக்கூறு எடையும் ஒன்றே, 88. கொதிநிலை பார்க்கலாமா என்றால் ஒன்று 77 டிகிரி, மற்றது 80 டிகிரி. கல்லூரி லேபில் பத்து வருடமாக உருண்டுகொண்டிருக்கும் தெர்மாமீட்டரை நம்பி இதில் பந்தயம் கட்ட முடியாது. ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால் இரண்டுமே 1740 பக்கத்தில் பெரிய பீக் (மேடு) ஒன்றைக் காட்டி ‘நான் எஸ்டர்’ என்கின்றன. எஸ்டர் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும்.

என்எம்ஆர் எடுத்தால் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு பீக் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இந்தக் கட்டுரை அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதுதான். அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் என்று பாடப்புத்தகம் நீட்டி முழக்கும் விஷயத்தை லேபில் எல்லோரும் என்எம்ஆர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தபோது என்எம்ஆர் என்றால் ஓர் அட்டவணை. எந்த ஹைட்ரஜன் எத்தனை பிபிஎம்மில் வரும் என்று இருபது வரி. அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். அப்புறம் ப்ராஜெக்ட்டில் நானே செய்த பொருளின் ஸ்பெக்ட்ரம் முதல்முறையாகக் கைக்கு வந்தபோது ஒன்றும் புரியாமல் அரை மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டவணை தப்பில்லை, ஆனால் அது கடைசியில் எடுக்க வேண்டிய சாமான். முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது.

அதற்கு முன்னால் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம்.

ஹைட்ரஜன் அணுவின் கருவில் இருப்பது ஒற்றைப் புரோட்டான். அதற்குத் தற்சுழற்சி என்று ஒரு குணம் உண்டு, அதனால் அது ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்தால், சுற்றிக்கொண்டே தலையாட்டும் பம்பரம் போல அது புலத்தைச் சுற்றித் தலையாட்டும். (உண்மையில் புரோட்டான் பம்பரமாகச் சுழல்வதில்லை, அது குவாண்டம் சமாச்சாரம். ஆனால் நம் வேலைக்கு இந்தப் பம்பரம் போதும்.) புரோட்டானுக்கு இரண்டே நிலைதான்: புலத்தோடு சேர்ந்து நிற்பது, புலத்துக்கு எதிராக நிற்பது. சேர்ந்து நிற்பதில் ஆற்றல் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ரேடியோ அலையைக் கொடுத்தால் கீழே இருப்பது மேலே போகும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால்தானே ஏறும், தாளம் தப்பினால் ஏறாது. அந்தப் பொருத்தத்துக்குப் பெயர்தான் ஒத்ததிர்வு.

லேபில் ‘400 மெகாஹெர்ட்ஸ் மெஷின்’ என்று சொல்வது இந்தத் தாளத்தைத்தான். 9.4 டெஸ்லா காந்தத்துக்குள் ஹைட்ரஜனுக்கு வேண்டிய ரேடியோ அலை 400 மெகாஹெர்ட்ஸ். நம் எஃப்எம் ரேடியோ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, கிட்டத்தட்ட அதைப்போல நான்கு மடங்கு. 9.4 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு லட்சம் மடங்கு. அவ்வளவு வலுவான காந்தத்துக்கு மீகடத்திக் கம்பிச் சுருள் வேண்டும், அந்தச் சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும், ஹீலியம் ஆவியாகிப் போய்விடாமல் இருக்க வெளியே திரவ நைட்ரஜன் வேண்டும். மெஷின் ஏன் யானை விலை, ஊருக்கு ஒன்று ஏன் இல்லை என்பதற்கு இதுவே காரணம். பேஸ்மேக்கர் வைத்தவர்களை அந்த அறைப்பக்கமே விடமாட்டார்கள். பர்ஸில் ஏடிஎம் கார்டோடு காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் அதன் காந்தப்பட்டை காலியாகலாம்.

இவ்வளவு செலவு செய்தும் கிடைக்கும் சிக்னல் சுண்டைக்காய்தான். அறை வெப்பநிலையில் இரண்டு நிலையிலும் புரோட்டான்கள் கிட்டத்தட்டச் சரிசமமாகவே இருக்கும். 400 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் பத்து லட்சம் புரோட்டான் இருந்தால் கீழ்நிலையில் ஏறக்குறைய 32தான் அதிகம். நாம் கேட்பதெல்லாம் அந்த 32 பேரின் குரல். காந்தம் பெரிதாக ஆக இந்த எண்ணிக்கையும் கூடும். 600, 800 என்று மெகாஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போவதற்கு அது ஒரு காரணம்.

பழைய மெஷின்கள் ஒவ்வொரு ஹைட்ரஜனின் தாளத்தையும் வரிசையாகத் தேடிக்கொண்டு போகும், நேரம் பிடிக்கும். இப்போது அப்படி இல்லை. ஒரு கோயிலில் தொங்கும் பத்து மணியையும் ஒரே அடியில் அடித்துவிட்டு, கலந்து வரும் ஓசை தேய்ந்து அடங்கும்வரை பதிவு செய்து, பிறகு எந்தெந்த மணி இருந்தது என்று கணக்குப் போட்டுப் பிரிப்பது மாதிரி: சில மைக்ரோசெகண்டே நீடிக்கும் ஒரு ரேடியோ துடிப்பை அடித்து எல்லா ஹைட்ரஜனையும் ஒன்றாக எழுப்பிவிட்டு, அவை அடங்கும்போது வரும் சிக்னலைக் கணினி ஃபூரியர் கணக்கால் பிரித்துவிடும். இந்த முறையை வளர்த்ததில் பெரும்பங்கு ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் என்ற சுவிஸ் வேதியியலாளருக்கு. 1991 நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனும் இதே இயற்பியல்தான். அணுக்கரு என்ற சொல்லைக் கேட்டதும் நோயாளிகள் பயப்படுவார்கள் என்று அந்த ‘என்’னைக் கழற்றிவிட்டார்கள்.

சரி, எல்லா ஹைட்ரஜன் கருவும் ஒரே புரோட்டான்தானே, அப்படியானால் எல்லாம் ஒரே தாளத்தில்தானே ஆட வேண்டும்? பத்து மணி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 1946இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரிலும், ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழு பாரஃபின் மெழுகிலும் தனித்தனியே இந்தச் சிக்னலைப் பிடித்ததாக அறிவித்தார்கள். இருவருக்கும் சேர்த்து 1952இல் இயற்பியல் நோபல். அவர்கள் இயற்பியலாளர்கள், அவர்களுக்கு வேண்டியது ஒவ்வொரு அணுக்கருவின் காந்தத் திறனைத் துல்லியமாக அளந்து குறித்துவைப்பது. 1950இல் பிளாக்கின் குழுவில் இருந்த பிராக்டரும் யூவும் நைட்ரஜனை அளக்க அம்மோனியம் நைட்ரேட் கரைசலை எடுத்தார்கள். ஒரு சிக்னல் வரும் என்று பார்த்தால் இரண்டு வந்தது. அம்மோனியத்தில் உள்ள நைட்ரஜன் ஓரிடத்தில், நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் வேறிடத்தில். கருவின் எண்ணைத் தேடியவர்களுக்கு இது தலைவலி. அளந்தது எந்தச் சேர்மத்தில் என்பதைப் பொறுத்து விடை மாறினால் அதை வைத்து என்ன செய்வது? வேதியியலாளர்களுக்கோ இது லாட்டரி. அடுத்த வருடமே அதே ஸ்டான்ஃபோர்டில் அர்னால்ட், தர்மட்டி, பேக்கார்ட் மூவரும் எத்தனாலை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மேடு. பரப்பளவு 3க்கு 2க்கு 1. மெத்தில் (ஒரு கார்பனில் மூன்று ஹைட்ரஜன், CH3), மெத்திலீன் (இரண்டு ஹைட்ரஜன், CH2), ஓஎச். மூலக்கூறின் வரைபடம் தாளில் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் தர்மட்டி இந்தியர். பிறகு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து இந்தத் துறையை நம் நாட்டில் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர்.

இடம் மாறுவதற்குக் காரணம் எலக்ட்ரான். புரோட்டானைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான் மேகம் வெளியிலிருந்து வரும் காந்தப்புலத்தைக் கொஞ்சம் தடுக்கிறது. மழையில் குடை பிடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆக்ஸிஜன், குளோரின் போன்ற எலக்ட்ரான் ஆசை பிடித்த அணு இருந்தால் அது குடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புரோட்டான் அதிகமாக நனையும். தாளம் சற்றே உயரும். ஸ்பெக்ட்ரத்தில் அந்தப் பீக் இடப்பக்கம் தள்ளி விழும். குடை முழுசாக உள்ளவை வலப்பக்கம். இந்தத் தள்ளலுக்குப் பெயர் வேதியியல் இடப்பெயர்ச்சி, லேபில் கெமிக்கல் ஷிஃப்ட்.

வித்தியாசம் மிக மிகச் சிறியது, 400 மெகாஹெர்ட்ஸில் சில நூறு, சில ஆயிரம் ஹெர்ட்ஸ்தான். அதனால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பிபிஎம்மில் எழுதுகிறோம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஹெர்ட்ஸில் எழுதினால் 300 மெஷினில் ஓர் எண், 400 மெஷினில் ஓர் எண் என்று ஊருக்கு ஊர் மாறும். பிபிஎம்மில் எங்கே எடுத்தாலும் ஒன்றே. 400 மெஷினில் 1 பிபிஎம் என்றால் 400 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான் கணக்கு. பூஜ்யம் எங்கே என்பதற்கு டெட்ராமெத்தில்சைலேன் என்ற பொருளை வைத்திருக்கிறார்கள், சுருக்கமாக டிஎம்எஸ். சிலிக்கான் நடுவில் இருப்பதால் அதன் ஹைட்ரஜன்களுக்குக் குடை பெரிது, எனவே நம் சேர்மங்களின் பீக் பெரும்பாலும் அதற்கு இடப்புறமாகவே விழும். பன்னிரண்டு ஹைட்ரஜனும் ஒரே மாதிரி, ஒரே கூர்மையான பீக். எதோடும் வினைபுரியாது. கொதிநிலை 27 டிகிரிதான், வேலை முடிந்ததும் தானே பறந்துவிடும். இதைவிட நல்ல விருந்தாளி கிடைக்காது.

இப்போது எண்ணத் தொடங்கலாம். ஸ்பெக்ட்ரத்தைக் கையில் வாங்கியதும் பிபிஎம் எண்ணைப் பார்க்காமல், எத்தனை தொகுதி பீக் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மூலக்கூறில் எத்தனை வகை ஹைட்ரஜன் இருக்கிறதோ அத்தனை தொகுதி. ஒரு மெத்திலில் உள்ள மூன்று ஹைட்ரஜனும் சுற்றிக்கொண்டே இருப்பதால் மூன்றும் ஒரே வகை. பென்சீனில் ஆறும் ஒரே வகை, ஒற்றைப் பீக்தான் வரும். எத்தில் அசிட்டேட்டில் (CH3–CO–O–CH2–CH3)? CO பக்கத்து மெத்தில் ஒன்று, ஆக்ஸிஜனை ஒட்டிய மெத்திலீன் ஒன்று, கடைசி மெத்தில் ஒன்று. மூன்று தொகுதி. மெத்தில் புரோப்பனோயேட்டிலும் (CH3–CH2–CO–O–CH3) எண்ணிப் பாருங்கள், அங்கேயும் மூன்றுதான். இன்னும் பிரியவில்லை.

அடுத்து ஒவ்வொரு தொகுதியின் பரப்பளவு, அதாவது இன்டக்ரேஷன். பீக்கின் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, பரப்பளவுதான் ஹைட்ரஜன் எண்ணிக்கைக்கு ஏற்ப வரும். அதுவும் விகிதம்தான், நேரடி எண்ணிக்கை அல்ல. 3:2:3 என்று வந்தால் அது 6:4:6 ஆகவும் இருக்கலாம். ஃபார்முலா தெரிந்தால் எது என்று சொல்லிவிடலாம். நம் இரண்டு பாட்டிலுக்கும் 3:2:3 வருகிறது. மொத்தம் எட்டு, ஃபார்முலாவோடு ஒத்துப்போகிறது. நிஜத்தில் 3.00, 2.04, 2.97 என்றெல்லாம் வரும், அதற்கெல்லாம் மிரள வேண்டாம். 2.5 என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இனி, எனக்கு என்எம்ஆரிலேயே மிகவும் பிடித்த பகுதி, பீக் பிளவுபடுவது. ஒரு ஹைட்ரஜன் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட அக்கம்பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம். நம் தெருவில் இருக்கும் சிலரைப் போலவே.

எத்தில் தொகுதியை எடுத்துக்கொள்வோம். கடைசி மெத்திலின் ஹைட்ரஜன் பக்கத்துக் கார்பனைப் பார்க்கிறது. அங்கே இரண்டு ஹைட்ரஜன். அவை ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம், ஒவ்வொன்றும் மேலே பார்க்கலாம் அல்லது கீழே பார்க்கலாம். இரண்டும் மேலே என்றால் மெத்தில் உணரும் புலம் துளி கூடும். இரண்டும் கீழே என்றால் துளி குறையும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் கூட்டலும் கழித்தலும் சரியாகிவிடும், ஆனால் அது இரண்டு விதமாக அமையலாம், முதலாவது மேலே இரண்டாவது கீழே, அல்லது மாற்றி. ஆக மூன்று கோடு, உயரம் 1:2:1. இதுதான் ட்ரிப்லெட். இதே கணக்கை எதிர்ப்பக்கம் போடுங்கள்: மெத்திலீனுக்குப் பக்கத்து வீட்டில் மூன்று ஹைட்ரஜன், எட்டுச் சேர்க்கை, அவை 1:3:3:1 என்று நான்கு கோடாக நிற்கும், அது குவார்டெட். பக்கத்தில் n ஹைட்ரஜன் இருந்தால் n+1 கோடு என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். காரணம் தெரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

பக்கத்து வீட்டில் யாருமே இல்லை என்றால் ஒற்றைக் கோடு, சிங்லெட். ஒரே கார்பனில் உள்ள ஒரே வகை ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று பிளப்பதில்லை. நம் வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லமாட்டோம் அல்லவா. ஓஎச்சில் உள்ள ஹைட்ரஜன் பெரும்பாலும் யாரோடும் சேராமல் பட்டையாக, சமயத்தில் கண்ட இடத்தில் வந்து நிற்கும், ஏனென்றால் அது ஓரிடத்தில் தங்காமல் மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவிக்கொண்டே இருக்கிறது. அதுதானா என்று சந்தேகம் வந்தால் டியூபில் ஒரு சொட்டுக் கனநீர் விட்டுக் குலுக்கி மறுபடி எடுங்கள். ஓஎச் பீக் காணாமல் போய்விடும், ஹைட்ரஜனின் இடத்தில் கனநீரில் உள்ள டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) வந்து உட்கார்ந்துவிடுவதால்.

கோடுகளுக்கு இடையிலான இடைவெளியைக் கவனியுங்கள். எத்தில் அசிட்டேட்டை 400 மெஷினில் எடுத்தால் ட்ரிப்லெட்டின் மூன்று கோடு ஏறக்குறைய 1.278, 1.260, 1.242 என்று விழும். அடுத்தடுத்த கோட்டுக்கு வித்தியாசம் 0.018 பிபிஎம், 400ஆல் பெருக்கினால் 7.2 ஹெர்ட்ஸ், தசமத்தைக் கத்தரிக்காமல் போட்டால் 7.1. இப்போது 4.12இல் நிற்கும் குவார்டெட்டுக்குப் போய் அதே கணக்கைப் போடுங்கள், அங்கேயும் 7.1. இவர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி, கையின் நீளம் இரு பக்கமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும். இந்த எண்ணைத்தான் ஜே என்கிறோம். மெஷின் மாறினாலும் ஹெர்ட்ஸில் இது மாறாது.

இரண்டு பாட்டிலுக்கும் பிளவு பார்த்தாயிற்றா? இரண்டிலும் ஒரு சிங்லெட், ஒரு குவார்டெட், ஒரு ட்ரிப்லெட். அதாவது இரண்டிலும் ஓர் எத்தில், தனியாக ஒரு மெத்தில். எண்ணி எண்ணியே மூலக்கூறின் துண்டுகள் கைக்கு வந்துவிட்டன. மீதி இருப்பது ஒரே கேள்வி: ஆக்ஸிஜன் பக்கம் நிற்பது எத்திலா, மெத்திலா? இப்போதுதான் அட்டவணை. நமக்கு வேண்டிய வரியும் இரண்டே. ஆக்ஸிஜனை ஒட்டிய கார்பனில் உள்ள ஹைட்ரஜன் 3.3 முதல் 4.3 வரை. கார்பனைல் (ஆக்ஸிஜனோடு இரட்டைப் பிணைப்புள்ள கார்பன், அந்த CO) பக்கத்தில் உள்ளது 2 முதல் 2.7 வரை.

முதல் பாட்டில்: குவார்டெட் 4.12, சிங்லெட் 2.05, ட்ரிப்லெட் 1.26. எத்திலின் மெத்திலீன் ஆக்ஸிஜனிடம் குடையைப் பறிகொடுத்திருக்கிறது, தனி மெத்தில் கார்பனைல் பக்கம். எத்தில் அசிட்டேட். இரண்டாவது பாட்டில்: சிங்லெட் 3.67, குவார்டெட் 2.32, ட்ரிப்லெட் 1.15. இங்கே மெத்தில்தான் ஆக்ஸிஜன் மேல் உட்கார்ந்திருக்கிறது. மெத்தில் புரோப்பனோயேட். லேபிள் ஒட்டிவிடலாம்.

மீதி அட்டவணையையும் சொல்லிவிடுகிறேன், நீளமில்லை. சும்மா ஆல்கைல் 0.8 முதல் 1.5. ஆல்கீன் ஹைட்ரஜன் 4.5 முதல் 6.5. அரோமேட்டிக் 6.5 முதல் 8. ஆல்டிஹைடு 9 முதல் 10, அங்கே வேறு யாரும் அதிகம் வரமாட்டார்கள் என்பதால் பார்த்ததும் தெரியும். கார்பாக்சிலிக் அமிலம் 10 முதல் 12, பட்டையாக. இதில் குடைக் கதைக்கு அடங்காத ஒன்று இருக்கிறது பாருங்கள், அரோமேட்டிக். எத்திலீன் 5.4, பென்சீன் 7.36. இரண்டிலும் கார்பன் ஒரே மாதிரிதான், பென்சீனில் குடையை இழுக்க ஆக்ஸிஜனும் இல்லை. அங்கே வளையத்தில் ஓடித் திரியும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் ஒரு வளைய மின்னோட்டமாகச் சுற்றி, தாமே ஒரு குட்டிப் புலத்தை உண்டாக்குகின்றன. வளையத்துக்கு வெளியே அது பெரிய புலத்தோடு கூடுகிறது, உள்ளே அதைக் குறைக்கிறது. உள்ளே குறைகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், பதினெட்டுக் கார்பன் வளையமான அனுலீனைக் காட்டுவார்கள். அதன் வெளி ஹைட்ரஜன் 9.3 பக்கம், வளையத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் மைனஸ் 3 பக்கம், அதாவது டிஎம்எஸ்ஸையும் தாண்டி வலப்புறம். முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

சாம்பிள் கொடுக்கும் கதைக்கு வருவோம். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய கண்ணாடி டியூப், அதில் 5 முதல் 10 மில்லிகிராம் பொருள், 0.6 மில்லிலிட்டர் சால்வென்ட். சாதாரண குளோரோஃபார்மில் கரைத்தால் அதன் ஹைட்ரஜன் பீக் மலை மாதிரி நின்று நம் பொருளை மறைத்துவிடும், அதனால் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்ட குளோரோஃபார்ம். டியூட்டீரியமும் என்எம்ஆர் தருவதுதான், ஆனால் ஹைட்ரஜன் 400இல் ஆடும்போது அது 61 மெகாஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டிருக்கும், நம் ஸ்டேஷனில் கேட்காது. முழுக்க டியூட்டீரியம் ஏற்ற முடியாது என்பதால் மிச்சம் மீதி குளோரோஃபார்ம் 7.26இல் ஒரு பீக் தரும். அதைப் பார்த்துவிட்டு என் பொருளில் அரோமேட்டிக் வளையம் இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். அதே சால்வென்ட்டில் ஈரம் இருந்தால் 1.56இல் தண்ணீர்.

என் கதை அதைவிடக் கேவலம். ப்ராஜெக்ட் ஸ்பெக்ட்ரத்தில் 2.17இல் அழகான சிங்லெட் ஒன்று நின்றது. மெத்தில் கீட்டோன்! எதிர்பார்க்காத பொருள் உருவாகிவிட்டது என்று ஒரு நாள் முழுக்க வினைவழி எழுதிக்கொண்டிருந்தேன், அம்புக்குறி எல்லாம் கனகச்சிதமாக வந்தது. மறுநாள் சீனியர் அக்கா தாளை வாங்கிப் பார்த்து, ‘டியூபை அசிட்டோன்ல கழுவுனியா, காய வெச்சியா?’ என்று மட்டும் கேட்டார். கழுவினேன், காயவைக்கவில்லை. 2.17 என்பது அசிட்டோன். எந்த வினைவழியையும் அம்புக்குறியால் வரைந்து நிரூபித்துவிடலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

நம் பழைய நண்பர் எத்தில் அசிட்டேட்டும் இந்தப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறார். பொருளைச் சுத்தம் செய்யக் காலம் (column) குரோமட்டோகிராஃபி செய்வதை லேபில் காலம் ஓட்டுவது என்பார்கள் (ஆராய்ச்சி மாணவர் விஷயத்தில் இரண்டு பொருளும் சரிதான்), அதற்கு எத்தில் அசிட்டேட்தான் பெரும்பாலும் சால்வென்ட், அது முழுசாகப் போகாமல் தங்கிவிடும். 1.26, 2.05, 4.12 என்ற மூன்று எண்ணும் ஆர்கானிக் லேபில் இருப்பவர்களுக்கு வீட்டு போன் நம்பர் மாதிரி.

ஜே மதிப்பு எவ்வளவு தூரம் பேசும் என்பதைக் காட்ட மஞ்சளை எடுத்துக்கொள்கிறேன். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், இரண்டு அரோமேட்டிக் வளையம், இடையே ஏழு கார்பன் சங்கிலி. பல இடங்களில் அந்தச் சங்கிலியின் நடுவே இரண்டு கார்பனைல், அவற்றுக்கு மத்தியில் ஒரு மெத்திலீன் என்று வரைந்திருப்பார்கள். அது சரியானால் 4 பிபிஎம் பக்கத்தில் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு சிங்லெட் வர வேண்டும். டியூட்டீரியம் குளோரோஃபார்மில் எடுத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. அதற்குப் பதில் 5.8 பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு சிங்லெட், இடக்கோடியில் 16 பக்கத்தில் பட்டையாக ஒன்று. மெத்திலீனின் ஒரு ஹைட்ரஜன் ஆக்ஸிஜனிடம் போய்விட்டது, ஈனால் வடிவம், இரண்டு ஆக்ஸிஜனுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்த ஹைட்ரஜன்தான் 16இல் நிற்கிறது. அது இரு பக்கமும் வேகமாகத் தாவிக்கொண்டிருப்பதால் மூலக்கூறின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே மாதிரி தெரிகின்றன, 3.95இல் இரண்டு மெத்தாக்சியும் (ஆக்ஸிஜனை ஒட்டிய மெத்தில்) சேர்ந்து ஆறு ஹைட்ரஜனுக்கு ஒரே சிங்லெட். அப்புறம் 7.59இலும் 6.48இலும் இரண்டு டப்லெட் (இரண்டு கோடாகப் பிளந்த பீக்), இரண்டிலும் ஜே 15.8 ஹெர்ட்ஸ். இரட்டைப் பிணைப்பின் இரு முனையிலும் உள்ள ஹைட்ரஜன்கள் ஒரே பக்கம் இருந்தால் ஜே பொதுவாக 6 முதல் 12, எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் 12 முதல் 18. 15.8 என்றால் சந்தேகமே இல்லை, டிரான்ஸ். ஒரு ஸ்கேலை வைத்து அளந்த மாதிரி.

கார்பன் என்எம்ஆரைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண கார்பன் 12க்குத் தற்சுழற்சி இல்லை, அது ஊமை. கார்பன் 13தான் பேசும், அது இயற்கையில் 1.1 சதவீதம் மட்டுமே, அதனால் ஹைட்ரஜனுக்கு ஐந்து நிமிடம் என்றால் கார்பனுக்கு அரை மணி, ஒரு மணி என்று ஓட்ட வேண்டியிருக்கும். வழக்கமாக எடுக்கும் முறையில் பிளவு இருக்காது, ஒரு வகைக் கார்பனுக்கு ஒரு கோடு, பரப்பளவை நம்பக் கூடாது. எத்தில் அசிட்டேட்டுக்கு நான்கு கோடு: 14, 21, 60, 171. ஆக்ஸிஜனை ஒட்டியது 60, கார்பனைல் 171. தொடங்குபவர்களுக்கு இவ்வளவு போதும்.

கடைசியாக ஒரு கணக்கு. அதே நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன் கொண்ட மூன்றாவது பாட்டில் ஒன்று இருக்கிறது. 0.98இல் மூன்று ஹைட்ரஜனுக்கு ட்ரிப்லெட், 1.68இல் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஆறு கோடு, 2.35இல் இரண்டு ஹைட்ரஜனுக்கு ட்ரிப்லெட், 11ஐத் தாண்டி ஒரே ஒரு ஹைட்ரஜனுக்குப் பட்டையான மேடு. கனநீர் விட்டுக் குலுக்கினால் அந்த மேடு போய்விடுகிறது. எண்ணிப் பாருங்கள், அப்புறம் அக்கம்பக்கம், அட்டவணை கடைசியில். எவ்வளவு யோசித்தும் வரவில்லை என்றால் மூடியைத் திறந்து கையால் லேசாக விசிறிப் பாருங்கள். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடித்தால் அது பியூட்டனாயிக் அமிலம், அதற்கு 9.4 டெஸ்லா காந்தம் தேவையில்லை, மூக்கே போதும்.